நாக்குக்கு விடுமுறை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஐந்து வண்டி. மூன்றை இறக்கச் சொன்னேன், ஒன்றை அரை மனதோடு விட்டேன், ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். திருப்பியதற்கு டிரைவர் குதி குதி என்று குதித்தார். "பச்சைப் பசேல்னு இருக்கே, இதுல என்னக்கா குறை கண்டீங்க?" பச்சையாக இருந்தால் போதுமா? அடிப்பெட்டியிலிருந்து ஒரு லெட்டூஸ் இலையைக் கிள்ளி, ஏப்ரனில் ஒரு தேய் தேய்த்து வாயில் போட்டேன். கசப்பு. வெயிலில் காய்ந்த சரக்கு, வழியில் தண்ணீர் தெளித்து மினுக்கியிருக்கிறார்கள். "நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க" என்றேன். மனுஷன் தின்னவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஷெட்டில் இதுதான் முறை. பச்சைக் காய்கறியும் இலையும் வந்து இறங்கும், உள்ளே கழுவி நறுக்கி சாலட் பாக்கெட் போட்டு ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் ஆபீஸுக்கும் போகும். வாசலில் நான். நான் கடித்துச் சரி என்றால்தான் பெட்டி உள்ளே வரும், லோடு பேப்பரில் என் கையெழுத்து விழுந்தால்தான் பாக்கெட் வெளியே போகும். என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் நாக்கக்கா.

கழுவும் பிரிவிலிருந்து என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, மண்ணோட திங்கிறீங்க. இந்த நேரத்துல இதெல்லாம் வேணுமா?" கழுவினால் குளோரின் கலந்த மருந்துத் தண்ணீர் வாசனை ஏறிவிடும், இலையின் குணம் எப்படித் தெரியும்? நூறு தடவை சொல்லியிருக்கிறேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். இவருக்குத் தங்கச்சி என்பதால் எனக்கு மாமியார் என்று நினைப்பு.

'இந்த நேரம்' — பத்தாவது வாரம். எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்று வந்து மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அதனால் இவரையும் நாத்தனாரையும் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை.

ஒன்று மட்டும் உண்மை. குமட்டும்போது ஒரு பச்சை இலையை மென்றால் சட்டென்று அடங்குகிறது. அதனால் இப்போது பெட்டிக்கு ஒன்று இல்லை, இரண்டு.

மார்ச் 6

முதல் முறை டாக்டரம்மாவிடம் போனோம். ஆறு குழாய் ரத்தம் எடுத்தார்கள். இவர் லிஃப்ட் மெக்கானிக், பதினாலாவது மாடியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆள். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

ஸ்கேனில் பார்த்தேன். துடிக்கிறது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

என்ன எழுதுறது.

பதினோரு மணிக்கு போன். "ரிசல்ட் வந்திருக்கு, நேர்ல வாங்க." நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பாங்களே? இவருக்கு வேலை நடுவில போன் போடக் கூடாது, கயித்துல இருப்பாரு. தனியாத்தான் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாதான் சொன்னாங்க. எனக்குத்தான் பாதி காதுல ஏறல. திரும்பச் சொல்லச் சொல்லி, சீட்டு பின்னாடி எழுதி வாங்கிட்டு வந்தேன். ஒரு ஒட்டுண்ணியாம். டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாது. பூனை எச்சத்துலேருந்து மண்ணுக்கு வரும், மண்ணுலேருந்து காய்க்கும் இலைக்கும் வரும். சரியா வேகாத கறியில இருந்தும் வரலாமாம். பெரியவங்களுக்கு வந்தா லேசா காய்ச்சல் அடிச்சுட்டுப் போயிடும், பல பேருக்கு வந்ததே தெரியாது. ஆனா வயித்துல பிள்ளை இருக்கும்போது புதுசா வந்தா பிள்ளைக்கு இறங்கலாம். கண்ணு. மூளை. இந்த ரெண்டு வார்த்தையை அவங்க மெதுவாதான் சொன்னாங்க.

"உங்க ரத்தத்துல பழசுக்கான அடையாளமும் இருக்கு, புதுசுக்கான அடையாளமும் இருக்கு. சில பேருக்கு அந்தப் புது அடையாளம் வருஷக்கணக்கா போகாம ஒட்டிட்டிருக்கும். அதனால இதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. இன்னொரு டெஸ்ட் இருக்கு. பெரிய லேபுக்கு அனுப்பணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?"

"அதுவரைக்கும் பாதுகாப்புக்கு மாத்திரை தர்றேன். மூணு வேளை."

அப்புறம் கேட்டாங்க. வீட்டுல பூனை இருக்கா? இல்ல. தோட்ட வேலை? இல்ல. கறி நல்லா வேக வெச்சுத்தான் சாப்பிடுவீங்களா? ஆமா. கழுவாத காய்கறி, கீரை, பழம் ஏதாவது?

ஒரு நாளைக்கு முப்பது பெட்டி. பெட்டிக்கு ரெண்டு இலை.

மார்ச் 10

நேத்து ராத்திரி இவர்கிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை.

மார்ச் 11, புதன்

வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும்.

வாசலில் நின்றேன். முதல் வண்டி. பழக்கத்தில் கை பெட்டிக்குள் போய் இலையைக் கிள்ளிவிட்டது. வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேரோரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு மண். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மண்ணை இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. கீழே போட்டேன். டிரைவர் "என்னக்கா, இன்னிக்கு நாக்கு விரதமா?" என்றார். "ஆமாம், விரதம்தான், பெட்டியை இறக்குங்க" என்றேன். கண்ணால் பார்த்து, முகர்ந்து, காம்பை ஒடித்துத்தான் எல்லாவற்றையும் விட்டேன். இரண்டு பெட்டி கசந்திருக்கும் என்று நினைக்கிறேன். போகட்டும்.

நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவள் வாயால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

மார்ச் 12

இவர் அவளிடம் சொல்லிவிட்டார். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வயிற்றில் ஒன்றும் தங்காது.

வருவாள், ஆரம்பிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் டிஃபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் டப்பாவைத் திறந்து பார்த்தாள். வெறும் ரொட்டி. அவள் கேரட்டும் பீன்ஸும் வேக வைத்துக் கொண்டுவந்திருந்தாள், பாதியை என் டப்பாவில் தள்ளினாள். "கொதிக்கக் கொதிக்க வெந்தது. பயப்படாம தின்னுங்க." அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பெரிய பையன் கணக்கில் ஃபெயில் ஆன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மார்ச் 14, சனி

மாத்திரை வாயெல்லாம் கசக்கிறது. எந்த இலையும் இவ்வளவு கசந்ததில்லை.

மார்ச் 16

ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போன் செய்து கேட்டேன். "எங்க ஷெட்டுல எல்லா இலையும் குளோரின் தண்ணியில முக்கித்தான் எடுக்குறோம். அது கொன்னுடும்ல?" கொல்லாது என்றார்கள். பாக்டீரியாவுக்கு அது சரி. இந்த மாதிரி ஒட்டுண்ணியின் முட்டைக்கு ஓடு கெட்டி, மருந்துத் தண்ணீருக்கு அசையாது. அதை நெருப்புதான் கொல்லும். பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால், ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகப் பிரித்து, தேய்த்து, முடிந்த அளவு அடித்துக்கொண்டு போக விட வேண்டும். தோல் இருந்தால் தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சீவ வேண்டும். "அப்பவும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறைய குறையும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் மேலாளரிடம் கேட்டாள். தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பது போதாது, மண் அடியில் தங்குகிறது, நாலு குழாய் வைத்து ஓடுகிற தண்ணீரில் கழுவலாம் என்று. மேலாளர் — அவருக்கு 'அவசரம்' என்று பெயர், வாயைத் திறந்தால் அதுதான் வரும் — என்னைப் பார்த்தார். ஷெட்டில் பழைய ஆள் நான்தானே. நான் என்ன சொன்னேன்? "மருந்துத் தண்ணி இருக்கும்போது குழாய் எதுக்கு சார்? நேரம்தான் வீணாகும்." அப்படியே சொன்னேன். அவளை மட்டம் தட்டுகிற சந்தோஷம் வேறு அதில் இருந்தது, பொய் எழுத மாட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பிரசவ வார்டுக்கும் நம்ம பாக்கெட்தான் போகுது. அங்க என்னை மாதிரி எத்தனை பேரு படுத்திருந்திருப்பாங்க? நான் சரின்னு சொல்லி விட்ட பெட்டி எத்தனை?

மார்ச் 18

வரலை.

மார்ச் 19

வரலை. லேபுக்குப் போன் போட்டேன். நாளைக்கு என்றார்கள். இவர் இன்று வேலைக்குப் போகவில்லை. பழுதே இல்லாத மின்விசிறியைக் கழற்றித் தரை முழுக்கப் பரப்பி வைத்துவிட்டார். இப்போது மாட்டத் தெரியாமல் விழிக்கிறார். பத்து மாடி லிஃப்டை மாட்டுகிற கை.

மார்ச் 20, வெள்ளி

பழசு! பழசு! பழசு!

டாக்டரம்மா வாசல்ல எங்க முகத்தைப் பார்த்ததுமே, உட்காரச் சொல்றதுக்கு முன்னாடியே, "பயப்படாதீங்க, பழைய தொற்றுதான்"னு சொன்னாங்க. வயித்துல பால் வார்த்தாங்க மகராசி. ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு அந்த டெஸ்ட்டுல பார்ப்பாங்களாம். புதுசுன்னா பிடி தளர்ந்திருக்கும். எனக்கு உடும்புப் பிடி. அப்படின்னா வந்து குறைஞ்சது நாலு மாசத்துக்கு மேல ஆச்சு, பிள்ளை உண்டாகுறதுக்கு முன்னாடியே வந்து போயிடுச்சு. இனிமே பிள்ளைக்கு இறங்குமோன்னு கவலைப்பட வேணாம், மாத்திரையை நிறுத்திடலாம்னு சொன்னாங்க.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இவர் டாக்டரம்மாவைக் கும்பிட்டார், நர்ஸைக் கும்பிட்டார், வெளியே வந்து ஆட்டோக்காரரையும் கும்பிட்டார். அந்த ஆள் பயந்துபோய் "எங்க சார் போகணும்?"னு கேட்டார். எங்கன்னு எங்களுக்கே தெரியல.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. அதை மறக்கக் கூடாதுன்னு எழுதி வைக்கிறேன். "இது உங்க அதிர்ஷ்டம். கெட்டிக்காரத்தனம் இல்ல. அதே இலையை அதே மண்ணோட மொத முறையா இந்த ஜனவரியில தின்னிருந்தீங்கன்னா இப்ப வேற பேச்சு பேசிட்டிருப்போம். அதுவும் இல்லாம மண்ணுல இது ஒண்ணு மட்டும்தான் இருக்குன்னு நினைச்சீங்களா?"

மார்ச் 21

பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து மறுபடி தூங்கினேன். மின்விசிறியை நாத்தனார் புருஷன் வந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 23, திங்கள்

இன்று ஷெட்டில் சண்டை. நான்தான் போட்டேன்.

மூன்று மாதம் தாண்டுகிறதே என்று விஷயத்தைச் சொன்னேன், கூடவே ரத்தப் பரிசோதனைக் கதையையும். எல்லாருக்கும் சந்தோஷம். இறக்குகிற ஆட்கள் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார்கள். அதோடு விட்டார்களா? அந்தத் திருப்பி அனுப்பின டிரைவர் ஆரம்பித்தார். "பாத்தீங்களா, மண்ணு தின்ன உடம்புய்யா! சின்ன வயசுலேர்ந்து மண்ணோட தின்னா ஒண்ணும் அண்டாது. நாக்கக்கா பிள்ளையைக் காப்பாத்துனதே அந்த மண்ணுதான்." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் என் கண்ணெதிரே பெட்டியிலிருந்து ஒரு முள்ளங்கியை எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்தார்.

வந்துச்சே கோபம்! கையிலிருந்த முள்ளங்கியைப் பிடுங்கி எறிஞ்சேன். "காப்பாத்துச்சா? யாருய்யா சொன்னது காப்பாத்துச்சுன்னு? பத்து நாள் நான் செத்து செத்துப் பிழைச்சேன்! நான் தப்பிச்சது குருட்டு யோகம். உன் பொண்டாட்டி தப்பிப்பாளா? உன் மக தப்பிப்பாளா? என் கதையைச் சொல்லி எவளாவது ஒருத்தி கழுவாம ஒரு இலை தின்னான்னா அந்தப் பாவம் எனக்குத்தான் வந்து சேரும்!" முள்ளங்கி கடித்தவர் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டார். டிரைவர் "சும்மா தமாஷுக்கு..." என்று இழுத்தார். அப்புறம் மெதுவாக, "என் மக ஏழு மாசம்க்கா" என்றார். வீட்டில் எப்படிக் கழுவணும் என்று கேட்டார். சொன்னேன். மறக்காமல் இருக்க அவர் டெலிவரி சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

சத்தம் கேட்டு அவசரம் ஓடி வந்தார். அந்தச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிட்டேன். "சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குழாய் வேணாம்னு சொன்னது நான். அது தப்பு. என் நாத்தனார் கேட்டதுதான் சரி. ஓடுற தண்ணி வைக்காம வார்டுக்குப் போற பாக்கெட்டுக்கு நான் இனிமே கையெழுத்து போட மாட்டேன்." அவர் "அவசரமா லோடு போகணுமே" என்றார். "அப்ப அவசரமா குழாய் போடுங்க" என்றேன். பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாத்தனார் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்க வேணாம்" என்றாள். வேணாமாம். முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிகிறது.

ஏப்ரல் 2

குழாய் இன்னும் வரவில்லை. என் கையெழுத்தும் வரவில்லை. வார்டுக்கு இப்போதைக்கு வேக வைத்த காய்தான் போகிறது. அவசரம் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடக்கிறார்.

ஏப்ரல் 20

நாலு இல்லை, ஆறு குழாய்! ஆஸ்பத்திரியிலிருந்தே யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், அதற்கப்புறம் அவசரத்துக்கு உண்மையாகவே அவசரம் வந்துவிட்டது.

முதலில் வெளி இலை இரண்டைத் தூக்கிப் போடு. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழாயடியில் இரண்டு பக்கமும் விரலால் தேய். அடிக்காம்பில் கட்டை விரலை விட்டுச் சுற்று, மண் ஒளிவது அங்கேதான். கேரட், வெள்ளரிக்காய்க்கு பிரஷ். அதற்குப் பிறகுதான் மருந்துத் தண்ணீர். நறுக்குகிற பலகை பத்து பெட்டிக்கு ஒரு தடவை வெந்நீருக்குப் போக வேண்டும். எல்லாம் நாத்தனார் போட்ட சட்டம். ராணி மாதிரி நடுவில் நின்று விரட்டுகிறாள். முதல் நாள் முன்னூறு பாக்கெட் குறைந்தது. மூன்றாம் நாள் நாற்பதுதான் குறைந்தது.

என் இடமும் மாறிவிட்டது. வாசலில் பார்ப்பது, முகர்வது, ஒடிப்பது. வாயில் போடுவது கழுவி முடித்த கடைசி மேஜையில்தான். மருந்து வாசனை இருக்கத்தான் செய்கிறது. அதையும் தாண்டிக் கசப்பு தெரிகிறது. பன்னிரண்டு வருஷம் தெரியாது என்று சாதித்தேனே! ஒரு தடவை கூட முயற்சி செய்து பார்த்ததில்லை.

ஜூன் 11

ஆறாம் மாதம். உதைக்கிறது. லோடு பேப்பரில் கையெழுத்து போடும்போதெல்லாம் சரியாக உதைக்கிறது, கோணல் மாணலாகப் போகிறது.

அந்த டிரைவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நல்லபடியாக இருக்கிறானாம். வண்டி நிறைய சரக்கோடு ஒரு டப்பா இனிப்பும் இறங்கியது. சரக்கில் பாதியைத் திருப்பி அனுப்பினேன். இனிப்பை வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

லீவு போட்டாச்சு. கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். இவர் கேட்டால் வெறுங்காலோடு போகச் சொல்லுவேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

எழுத நேரம் கிடைத்தது இப்போதுதான். வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைச்சல்.

நேற்று குழந்தை டாக்டர் வந்து தலையை அளந்தார். எனக்காகத்தான், நான் நச்சரித்ததால், கண் டாக்டரும் வந்தார். இரண்டு கண்ணிலும் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சுத்தமா இருக்கும்மா, ரெண்டும்" என்றார். அவள் அவரைப் பார்த்து வீல் என்று கத்தினாள். இவர் "குரல் அப்படியே அம்மா" என்றார். நர்ஸ்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன், ஆனால் அது வேற அழுகை.

இன்று மத்தியானம் நாத்தனார் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள். இன்னும் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வந்ததும் வராததுமாகத் தொட்டிலுக்குள் கையை நீட்டினாள். "ஏய், கை கழுவினியா?" என்றேன். அவள் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். காலையிலிருந்து தண்ணீரில் ஊறி, பத்து விரலும் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. "நாள் பூரா நான் வேற என்ன அண்ணி பண்ணிட்டு வர்றேன்?"

இருந்தாலும் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்துத்தான் குழந்தையைக் கொடுத்தேன்.